பொட்டு வைத்த ரூட்டர்

குழிக்காட்டுக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். சுத்த அபாண்டம். மூளை இருக்கிறது. வாங்கின மேனிக்கு, உறைகூடப் பிரிக்காமல், புத்தம் புதிதாக இருக்கிறது. இதைச் சொன்னது வேற்றூர்க்காரர் யாருமில்லை. குழிக்காட்டுத் தென்னந்தோப்பு நாச்சிமுத்துதான், தன்னையும் தன் இரண்டு தம்பிகளையும் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே சிரித்தார்.

நடுவிலவன் சென்னியப்பன். தென்னை ஏறுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஏறி முடித்த பிறகு, எதற்கு ஏறச் சொன்னீர்கள் என்று மேலேயிருந்து கேட்பான். கடைக்குட்டி அப்புக்குட்டி சொன்ன சொல் தட்டாதவன். மழை வந்தால் கொப்பரையை உள்ளே எடுத்து வை என்றால், கொப்பரை நன்றாக நனைந்து, வந்தது மழைதான் என்று உறுதியான பிறகே எடுத்து வைப்பான். நாச்சிமுத்து மூத்தவர். தோப்பு வைத்துக்கொண்டு தென்னை ஏறப் பயப்படுகிற ஒரே ஆள். மூவரில் யாருக்குப் புத்தி அதிகம் என்று கேட்டால், ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். அப்படி ஓர் அடக்கம்.

ஊர் பெயருக்கேற்றபடி குழிக்குள் கிடந்தது. செல்போன் கோபுரங்கள் மேட்டில் நின்றுகொண்டு தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு குழிக்காட்டுக்காரர்களின் தலைக்கு மேலேயே போய்விடும். வீட்டுக்குள் செல்போன் வைத்திருப்பது மணி பார்க்கத்தான்.

நாச்சிமுத்துவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பார்த்த இடமெல்லாம் தட்டிப் போனது. ஓரிடத்தில் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, இப்போதுதானே பார்த்தேன், அதற்குள் எப்படிச் சொல்வது, பத்து நாள் இங்கேயே தங்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் சொன்னார். அவர்கள்தான் கோபித்துக்கொண்டார்கள்.

பிறகு கோகிலவாணி வீட்டில் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். மேட்டுப்புதூரில் தையல்கடை வைத்திருந்த பெண். அப்பா ஆறுச்சாமி மட்டும்தான் துணை. இங்கே ஒரு சிக்கல் வந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. அண்ணன் தம்பிகளோ மூன்று பேர்.

"ஒருத்தர் நின்னுக்கலாமுங்கண்ணா," என்றான் அப்புக்குட்டி.

"யாரு நிக்கறது? நான் மாப்பிள்ளை. நீ நின்னா உனக்கு மனசு கஷ்டம். அவன் நின்னா அவனுக்குக் கஷ்டம்."

"அப்ப நாலாவதா ஒருத்தரைக் கூட்டிக்கலாம்," என்றான் சென்னியப்பன்.

நல்ல முற்றின தேங்காயாகப் பார்த்து ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். பெண் வீட்டில் போட்டிருந்த நாற்காலிகளில் மூவரும் உட்கார்ந்து, நாலாவதில் தேங்காயை உட்கார வைத்தார்கள்.

கோகிலவாணி காப்பி கொண்டுவந்தாள். தட்டில் நாலு டம்ளர் இருந்தது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, நாலாவதைத் தேங்காய்க்கு முன்னால் வைத்தாள். நாச்சிமுத்து அவளைப் பார்த்த பார்வையில் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"சூடா இருக்குதுங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"டம்ளர்ல இருந்தப்ப இருந்துதுங்க. இப்ப சட்டையில ஆறிடுச்சுங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நிமிஷத்தில் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பெண் இல்லையென்றால் தனக்கு இனி வேறு பெண் வேண்டாமென்று. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். அவளுடைய சிரிப்பு மட்டும் தன்னையும் உடன் வந்து சிரிக்கச் சொன்னது போல இருந்தது.

கிளம்பும்போது ஆறுச்சாமி சொன்னார்: "ஞாயித்துக்கெழமை காலைல உங்க வீட்டு போனுக்குக் கூப்பிட்டு முடிவைச் சொல்றமுங்க. நேர்ல வந்து வேண்டாம்னு சொல்றதுன்னா ரெண்டு பக்கமும் சங்கடம் பாருங்க. போன் நல்லபடியாக் கெடைச்சா நல்ல சகுனம். கெடைக்கலைன்னா, சாமிக்கே இஷ்டமில்லைன்னு விட்டுருவோம். வீட்ல போன் இருக்குதல்லங்க?"

"இருக்குதுங்க," என்றார்கள் மூவரும் ஒரே குரலில். வீட்டில் போன் கிடையாது. மற்ற இருவரும் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறார்களே, எங்கேயாவது இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். கோகிலவாணி எதற்கும் இருக்கட்டும் என்று நாச்சிமுத்துவின் செல் நம்பரையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டு, கேபிள்காரர் ரங்கராஜிடம் ஓடினார்கள். ரங்கராஜ் நல்ல மனுஷன். இப்போது போனுக்குத் தனிக் கம்பி வேண்டியதில்லை, இன்டர்நெட்டிலேயே வீட்டுப் போன் வரும் என்று விளக்கினார். நெட் அவர் கொடுப்பார், போனும் அதை ரூட்டரோடு இணைக்கிற டப்பாவும் போன் கம்பெனி கொடுக்கும், ரூட்டர் மட்டும் வீட்டுக்காரர்களே சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, தன் லேப்டாப்பை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"ரூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போடுங்க. யாராலயும் கண்டுபுடிக்க முடியாததா இருக்கோணும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

நாச்சிமுத்து யோசித்தார். தான் போட்டால் தனக்குத் தெரிந்துவிடும். தனக்கு எது தெரிந்தாலும் சந்தைக்குப் போய் வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன? கடைசியில் அப்புக்குட்டியின் கண்ணை ஒரு துண்டால் கட்டி, விரலுக்குப் பட்டதை அடிக்கச் சொன்னார். மற்ற இருவரும் திரும்பி நின்றுகொண்டார்கள்.

"என்ன அடிச்சே தம்பி?" என்று கேட்டார் ரங்கராஜ்.

"எனக்கே தெரியாதுங்க," என்றான் அப்புக்குட்டி பெருமையாக.

ரங்கராஜ் ஒரு பெருமூச்சு விட்டார். ரூட்டர் முகத்தில் வரிசையாக இருந்த குட்டி விளக்குகளைக் காட்டி, இதெல்லாம் பச்சையாக எரியும்வரை கவலை வேண்டாம் என்றார். பெண் வீட்டுக்கு நம்பரைத் தானே சொல்லிவிடுவதாகவும், மறுநாள் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனால் திங்கட்கிழமைதான் திரும்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் பொட்டு வைக்காமல் பயன்படுத்துவது எந்த வீட்டு வழக்கம்? மோட்டாருக்கு வைத்தார்கள், சைக்கிளுக்கு வைத்தார்கள், மிக்ஸிக்கு வைத்தார்கள். ரூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? நாச்சிமுத்து குளித்துவிட்டு வந்து சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தார். எங்கே வைப்பது என்று பார்த்தார். ரூட்டர் செய்தவன் இதையெல்லாம் யோசித்தே செய்திருந்தான். முன்பக்கத்தில் பொட்டு வைக்க வசதியாக, வரிசையாக, சின்னச் சின்னதாக இடம் விட்டிருந்தான். ஒன்று பாக்கியில்லாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினார்.

சூடம் அணைந்ததும் சென்னியப்பன் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, வெளக்கு ஒண்ணுகூட எரியலீங்களே."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். பச்சை இல்லை. சிவப்பு இல்லை. சந்தனம் மட்டும் மணந்தது.

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவே ஒரு நாள்தான் இருந்தது. போன் கிடைக்கவில்லையென்றால் சாமிக்கே இஷ்டமில்லை என்று ஆகிவிடும். சாமியோடு அவருக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது; இருந்தாலும் இப்படியொரு விஷயத்தில் சாமியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. உடனே போனை எடுத்துக் கம்பெனிக்குக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"போன் வேலை செய்யலீங்க அம்மிணி."

"எந்த நம்பர் சார்?"

நம்பரைச் சொன்னார்.

"இப்ப எந்த நம்பர்லேர்ந்து பேசறீங்க?"

"அதே நம்பர்ல இருந்துதானுங்க."



"சார், அந்த போன்லதான் நீங்க எங்கிட்ட பேசிட்டிருக்கீங்க."

"ஆமாங்க. அதுதான் வேலை செய்யலீங்க."

"நான் பேசறது கேக்குதா?"

"கணீர்னு கேக்குதுங்க. வெளக்குத்தான் எரியலீங்க."

"ரூட்டர் எங்க கம்பெனியோடதா சார்?"

"இல்லீங்க. எங்க சொந்த ரூட்டருங்க. சொந்தமா வாங்கி, சொந்தமா சூடங் காட்டியிருக்கறமுங்க."

"சொந்த ரூட்டர்னா அதுக்குள்ள போய் நீங்கதான் பாக்கணும். பாஸ்வேர்டு தெரியுமா?"

"யாருக்குமே தெரியாதுங்க. அவ்வளவு பத்திரமா வெச்சிருக்கறம்."

பிறகு அவள், தொழிலில் தேறினவள் குரலில், ரூட்டரை ஒரு தடவை அணைத்து, அரை நிமிஷம் விட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். நாச்சிமுத்து லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, ரூட்டரை அணைத்தார். போனில் அவள் குரல் நின்றுபோனது.

"சொல்லாமக் கொள்ளாம வெச்சுட்டாளே," என்றார்.

"நம்ம பேச்சுல ஏதாச்சும் தப்பு இருந்திருக்கும்," என்றான் சென்னியப்பன். அதை யாரும் மறுக்கவில்லை.

அரை நிமிஷம் ஆனதும் அப்புக்குட்டி சுவிட்சில் கை வைத்தான். சென்னியப்பன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். ராகு காலம் பிறந்துவிட்டது. நல்ல சேதி வர வேண்டிய பெட்டியை ராகு காலத்திலா போடுவது? மதியம் வரை மூவரும் சுவிட்சைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்து போட்டார்கள். போட்டும் சந்தனத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

மறுபடி கூப்பிட்டபோது ஓர் ஆண் குரல் வந்தது. நாச்சிமுத்து சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சுவர் எதுவும் மறைக்காமல், நல்ல உயரமான, திறந்தவெளியான இடத்தில் ரூட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னது.

சாயங்காலம் இது பற்றி ஆலோசனை நடந்தது.

"பீரோ மேல வெச்சா?" என்றான் அப்புக்குட்டி.

"பீரோவுக்குப் பின்னால சுவரு இருக்குதே."

"ஓட்டு மேல?"

"ஓட்டுக்கு அடியில சுவரு இருக்குதே."

"சுவத்தை இடிச்சுட்டா?"

நாச்சிமுத்து இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். சுவரை இடித்துவிட்டால், கல்யாணமாகி வருகிறவள் எந்த வீட்டுக்கு வருவாள்? அவர் வேண்டாம் என்றார். தன் வாழ்க்கையில் தான் எடுத்த ஒரே சரியான முடிவு அதுதான் என்று பின்னாளில் சொல்லிக்கொள்வார்.

கடைசியில் மூவரின் கண்ணும் வாசலுக்கு எதிரே நின்ற தென்னை மேல் போனது. தோப்பிலேயே உயரமான மரம். பக்கத்தில் சுவர் கிடையாது. ரங்கராஜின் கேபிளும் அதை ஒட்டித்தான் வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை சென்னியப்பன் ரூட்டரை மடியில் கட்டிக்கொண்டு ஏறினான். மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள்; வீட்டுக்கு வந்த கேபிளையும் மேலே இழுத்து மாட்டினார்கள். மட்டைக்கும் குலைக்கும் நடுவே ரூட்டரைக் கயிறு போட்டுக் கட்டினான். போன் வயர் ஒரு முழம்தான் இருந்ததால் போனும் மேலேயே போனது.

"வயரை நீட்டிக்கலாமுங்கண்ணா," என்றான் அப்புக்குட்டி.

"கம்பெனிக்காரன் அளந்து குடுத்த வயருடா. நீளம் வேணும்னா அவனே குடுத்திருக்க மாட்டானா?"

மேலே போன சென்னியப்பன், போன் வருகிறதா என்று சோதித்துப் பார்க்க, அந்த போனிலிருந்தே தங்கள் நம்பருக்குப் போட்டான். பீப் பீப் என்றது. இறங்கி வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நம்ம நம்பர் பிஸியா இருக்குதுங்கண்ணா. யாரோ பேசிக்கிட்டிருக்கறாங்க."

"நம்ம போன்லயா? யாரு?"

"நான் பேசலை. நான் போட்டுப் பாத்துக்கிட்டல்ல இருந்தேன்."

"நான் கீழ நிக்கறேன்," என்றான் அப்புக்குட்டி.

"நானும் பேசலை," என்றார் நாச்சிமுத்து. "அப்ப நம்மளுக்குத் தெரியாம நம்ம லைன்ல ஒருத்தன் பேசிக்கிட்டிருக்கறான்."

வீடு முழுக்கத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குள், மோட்டார் ரூமில் எங்கேயும் ஆள் இல்லை. ஓடிப்போயிருப்பான் என்று முடிவு செய்து, சென்னியப்பன் மறுபடி ஏறிப் போட்டுப் பார்த்தான். பிஸி. தேடிவிட்டுப் போட்டாலும் பிஸி, போட்டுவிட்டுத் தேடினாலும் பிஸி. அவன் லேசுப்பட்டவன் இல்லை என்று தெரிந்தது.

நாச்சிமுத்துவுக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. பேசட்டும், பாவம், அவனுக்கும் ஏதாவது பெண் விஷயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பட்டுச் சட்டையும் புது வேட்டியும் உடுத்திக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். முடிவை மாப்பிள்ளைதானே கேட்க வேண்டும்? சென்னியப்பனைக் கேட்கச் சொன்னால், அவனுக்கே பெண் நிச்சயமாகிவிடும். இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். இடுப்பில் கயிறு போட்டு மேலேயிருந்து சென்னியப்பன் இழுக்க, கீழேயிருந்து அப்புக்குட்டி தள்ள, தென்னையில் ஏறப் பயந்த தென்னந்தோப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உச்சி போய்ச் சேர்ந்தார். மட்டையில் அவரை உட்கார வைத்து மரத்தோடு ஒரு கட்டுக் கட்டிவிட்டு, சென்னியப்பன் இறங்கிவிட்டான்.

போனை எடுத்துத் தங்கள் நம்பருக்குப் போட்டார். பிஸி. வைத்துவிட்டு மறுபடி போட்டார். பிஸி. ஆறுச்சாமி கூப்பிடுகிற நேரத்தில் அந்தப் பாவி பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆவது? லைன் எப்போது காலியாகிறது என்று கண்காணிக்க, விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது; மட்டையைக் கட்டிக்கொண்டார். குழிக்காட்டில் செல்போன் அடித்து அவர் பார்த்ததே இல்லை. தெரியாத நம்பர். காதில் வைத்தார்.

"நாச்சிமுத்துங்களா?" ஒரு பெண் குரல். "வீட்டு போன் பிஸியாவே இருக்குதுங்க, அதனாலதான்..."

"ஆமாங்க, அவன் பேசிக்கிட்டிருக்கறானுங்க. அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. என்ற கல்யாண விசயமா ஒரு போன் வரோணும். அது வர்ற வரைக்கும் நான் யாருகிட்டயும் பேசறதா இல்லீங்க."

வைத்துவிட்டார். உடனே மறுபடி அடித்தது.

"அது வந்துங்க, நான்தான்..."

"யாரா இருந்தாலுஞ் செரிங்க. மொதல்ல அந்தப் புள்ளைகிட்டப் பேசிட்டுத்தான் மத்தவங்க."

அந்தக் குரல் கேட்டது: "அந்தப் புள்ளை அவ்வளவு முக்கியமுங்களா?"

முகம் தெரியாத ஆளிடம் சொல்வதில் நாச்சிமுத்துவுக்கு வெட்கம் வரவில்லை. "நாங்க தேங்காயைக் கூட்டிக்கிட்டுப் போனமுங்க. எல்லாரும் எங்களைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அந்தப் புள்ளை தேங்காய்க்கும் ஒரு காப்பி கொண்டாந்து வெச்சுதுங்க. அப்பிடியொரு மனசு யாருக்கு வருமுங்க? அது வேண்டாம்னு சொல்லிட்டா, நான் இந்த மரத்துல இருந்து எறங்கறதா இல்லையான்னே தெரியலீங்க. வெச்சுருங்க அம்மிணி, ஒத்தைக் கையில புடிச்சுக்கிட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு செல்போன் அடிக்கவில்லை. நல்ல பெண், சொன்னதும் புரிந்துகொண்டாள் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. சும்மா இருந்த விரல் ரூட்டரைச் சுரண்டியது. காய்ந்த சந்தனம் ஒரு பொட்டளவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பச்சையாக ஒரு விளக்கு கண்ணைச் சிமிட்டியது. நாச்சிமுத்து அடுத்த பொட்டைச் சுரண்டினார். அதிலும் பச்சை. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சுரண்டினார். எல்லாம் பச்சை. ஏதோ ஒன்று அவர் மூளையின் உறையைத் தட்டியது. பிரிக்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் கீழே பார்த்துக் கத்திவிட்டார்.

"வெளக்கு எரியுதுடா!"

"நான் சொல்லலீங்களா?" என்றான் சென்னியப்பன். "ஒசரத்துல வெச்சதும் வந்துருச்சு பாருங்க."

நாச்சிமுத்துவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. உறை அப்படியே இருந்தது.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் கோகிலவாணி. பின்னால் ஆறுச்சாமி.

"போன் பண்ணினமுங்க. பிஸியாவே இருந்துது," என்றார் ஆறுச்சாமி.

"அவன் பேசிக்கிட்டிருந்திருப்பானுங்க," என்றான் சென்னியப்பன்.

"எவனுங்க?"

"தெரியலீங்க. நேத்திருந்து தேடறமுங்க."

"எங்க புள்ளைதான், பிஸியா இருக்குதுன்னா ஆளு வீட்ல இருக்கறாங்கன்னுதானே அர்த்தம், நேர்லயே போயிரலாம்னு கூட்டியாந்துருச்சு. மாப்பிள்ளை எங்கீங்க?"

"உங்க போனுக்காகக் காத்துக்கிட்டிருக்காருங்க," என்று அப்புக்குட்டி மேலே கை காட்டினான்.

ஆறுச்சாமி அண்ணாந்து பார்த்தார். பட்டுச் சட்டை மட்டைக்கு நடுவே மினுங்கியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "செரி, வந்தது வந்தாச்சு. நேர்லயே சொல்லிடறனுங்க..."

"மாமா, சொல்லிப்போடாதீங்க!" மேலேயிருந்து நாச்சிமுத்து அலறினார். "நேர்ல வந்து சொல்றது சங்கடம்னு நீங்கதானே சொன்னீங்க? போன்ல கெடைச்சாத்தான் சகுனமுன்னீங்க. இப்ப நீங்க என்ன சொன்னாலும் சகுனமில்லாமப் போயிருமுங்க."

ஆறுச்சாமி மகளைப் பார்த்தார். "நாயமான பேச்சாத்தான் இருக்குது."

"ஆமாங்கப்பா," என்றாள் கோகிலவாணி. "சொன்னா சொன்னபடி இருக்கோணும்."

ஆறுச்சாமி செல்போனை எடுத்தார். கீழே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மாப்பிள்ளை செல்லு மேல வேலை செய்யுது என்று மகள் சொன்னாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஏணியைப் பக்கத்துத் தென்னைக்கு மாற்றிச் சாத்தி, சென்னியப்பனும் அப்புக்குட்டியுமாக ஆறுச்சாமியை மேலே ஏற்றினார்கள். மாமனார் ஒரு மரத்திலும் மாப்பிள்ளை ஒரு மரத்திலும், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆறுச்சாமி நம்பரைப் போட்டார்.

"பிஸிங்க மாப்பிள்ளை."

"எனக்கும் பிஸியாத்தானுங்க மாமா இருக்குது. அவன் விட மாட்டேங்கறான்."

கோகிலவாணி கீழேயிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நீங்க இப்ப யாருக்குப் போட்டுக்கிட்டிருக்கறீங்க?"

"நம்ம நம்பருக்குத்தான் அம்மிணி. லைன் காலியானா மாமாவுக்குச் சொல்லலாம்னு பாக்கறேன்."

"கொஞ்சம் போடாம இருங்க."

நாச்சிமுத்து போனை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் அது கிணுகிணு என்று அடித்தது. நாச்சிமுத்து எடுத்தார்.

"வணக்கமுங்க. யாருங்க பேசறது?"

"நான்தானுங்க ஆறுச்சாமி."

"நல்லா இருக்கறீங்களா மாமா? எங்கிருந்து பேசறீங்க?"

"உங்க தோப்புல இருந்துதானுங்க. எங்களுக்கு முழுச் சம்மதம். எங்க புள்ளைக்கும் சம்மதம். காலைல போன்ல பேசினதுல இருந்து, கட்டுனா உங்களைத்தான் கட்டுவேன்னு நிக்குதுங்க."

காலையில் போனில் பேசியது யாரென்று நாச்சிமுத்துவுக்கு அப்போதும் விளங்கவில்லை. அழுகை மட்டும் வந்தது. துடைக்க ஒரு கைதான் இருந்தது, அதிலும் போன் இருந்தது. அதனால் துடைக்காமலேயே அழுதார். எதிர் மரத்தில் ஆறுச்சாமியும் அழுதார். பாதி சந்தோஷத்தில், பாதி கீழே பார்த்துவிட்டதால்.

"பாத்தியாடா?" என்றான் சென்னியப்பன் மெதுவாகத் தம்பியிடம். "ரெண்டு நாளா நம்மளால முடியலை. அண்ணி ஒரு வார்த்தைதான் சொன்னாங்க, அந்த ஆளு லைனை விட்டு ஓடியே போயிட்டான்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆறுச்சாமி செய்த சீரில் பாத்திரம் பண்டத்தோடு ஒரு நீளமான இரும்பு ஏணியும் வந்தது. ரங்கராஜ் ரூட்டரைக் கீழே இறக்கி வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தார். நல்ல சேதி வந்த இடத்தை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. போன் அடித்தால் சென்னியப்பன் ஏறுவான். அவன் ஏறுவதற்குள் நின்றுவிட்டால், அப்படி ஒன்றும் அவசரமான சேதியாக இருக்காது என்று இறங்கிவிடுவான்.

வீட்டில் இப்போது விவரம் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறாள் என்பதில் மூவருக்கும் பெரிய நிம்மதி. பிஸியாக இருந்த லைனை ஒரே சொல்லில் சரிசெய்தவள் அல்லவா? எங்கள் முட்டாள்தனம் எங்களோடு போகட்டும், இனிப் பிறக்கப் போகிற பிள்ளைகளாவது தேறும் என்று நாச்சிமுத்து சந்தைக்குப் போகும்போதெல்லாம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோகிலவாணி அப்பாவோடு பேச ஏணியில் ஏறினாள். பேசி முடித்துவிட்டு ரூட்டரைப் பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மூளியாக இருந்தது. தனக்கு வாழ்க்கை கொடுத்த பெட்டியை இப்படியா வைத்திருப்பது?

"கொழுந்தனாரே, கொஞ்சம் சந்தனங் கொழைச்சுக் குடுத்துவிடுங்க."

அப்புக்குட்டி கெட்டியாகக் குழைத்து, கூடையில் வைத்துக் கயிற்றில் மேலே அனுப்பினான். அவள் முந்தானையால் ரூட்டரைத் துடைத்தாள். எங்கே வைப்பது என்று ஒரு பார்வை பார்த்தாள். வரிசையாக, பச்சையாக, இடமெல்லாம் அடையாளம் போட்டே வைத்திருந்தது. தையல்காரி கை. ஒன்று பிசகாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அந்திக்கு நாலு பேரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பச்சையாக எதுவும் தெரியவில்லை.

"வெளக்கு ஒண்ணுகூட எரியலீங்களே அண்ணா," என்றான் அப்புக்குட்டி.

"ஒசரம் பத்தலையாட்ட இருக்குது," என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்துவுக்குச் சட்டென்று ஏதோ தோன்றுவது போல இருந்தது. ஆனால் வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இருக்கும்போது நாம் எதற்கு வீணாக யோசிக்க வேண்டும் என்று மனைவியைப் பார்த்தார். தம்பிகளும் பார்த்தார்கள்.

கோகிலவாணி நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, ஊருக்கு மேற்கே நின்ற மொட்டைக் கரட்டுக் குன்றை அடிவாரத்திலிருந்து உச்சிவரை நிதானமாக அளந்து பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், "நம்ம ஏணி அது வரைக்கும் எட்டுமுங்களா?"